ரீநேம் செய்தும் கோப்பு காலியானது எப்படி? எக்ஸ்ட்4, எஃப்சிங்க், மின்வெட்டு

முருகு_பில்லிங் | திங்கள், இரவு 9:12

வணக்கம். சில கடைகளின் பில்லிங் கணினிகளைப் பராமரிக்கிறேன். எல்லாமே லினக்ஸ், எக்ஸ்ட்4 கோப்பு முறைமை. பெரும்பாலும் சாதாரண எஸ்.எஸ்.டி, ஒரு கடையில் மட்டும் பழைய சுழலும் வட்டு.

நேற்று ஒரு கடையில் மின்சாரம் போய் வந்த பிறகு பில்லிங் நிரல் திறக்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் அமைப்புகளைச் சேமிக்கும் கோப்பு அதன் இடத்தில் இருக்கிறது, ஆனால் அளவு 0 பைட். வரி விகிதம், பிரிண்டர் பெயர், அடுத்த பில் எண் எல்லாம் அதில்தான் இருந்தன. தரவுத்தளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வட்டுச் சோதனையும் பிழை எதையும் காட்டவில்லை.

எனக்குப் புரியாதது இதுதான். நிரல் அந்தக் கோப்பின் மேல் நேரடியாக எழுதுவதில்லை. தற்காலிகக் கோப்பில் எழுதிவிட்டுப் பெயரை மாற்றுகிறது (ரீநேம்) என்று தயாரித்தவர்களே சொல்கிறார்கள். அப்படியானால் பழையது இருக்க வேண்டும், அல்லது புதியது இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் காலிக் கோப்பு எங்கிருந்து வந்தது? பிறகு, மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் ஜர்னல் எதற்கு? கடைசியாகச் செய்த மாற்றம் போயிருந்தால்கூட நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன்.

பழையயூனிக்ஸ் | திங்கள், இரவு 9:40

நிரல் எஃப்சிங்க் (தரவு வட்டில் இறங்கும் வரை காத்திருக்கும் அழைப்பு) அழைக்கிறதா? அழைக்கவில்லை என்றால் குற்றவாளி நிரல்தான், கோப்பு முறைமை அல்ல. எழுதினேன், மூடினேன் என்பதற்கு வட்டில் இருக்கிறது என்று பொருள் இல்லை. நினைவகத்தில் இருக்கிறது என்று மட்டுமே பொருள். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரம் ரீநேமைப் பிளவுபடாத செயல் என்று சொல்வது, ஓடிக்கொண்டிருக்கும் மற்ற நிரல்களின் பார்வையில். மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

ஜர்னல் காப்பது கோப்பு முறைமையின் கட்டமைப்பை. உங்கள் வரி விகிதத்தை அல்ல.

கர்னல்வாசகன் | திங்கள், இரவு 10:55

பழையயூனிக்ஸ் ஐயா சட்டப்படி பேசுகிறார். ஆனால் இந்த வழக்கு 2009இலேயே ஒருமுறை நடந்தது. அப்போதும் தீர்ப்பு இவ்வளவு சுலபமாக வரவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்ட்3 காலத்தில் இதே நிரல் இதே மாதிரி எழுதியிருந்தால் கோப்பு காலியாகியிருக்காது. எக்ஸ்ட்3 இயல்பாக ‘ஆர்டர்ட்’ முறையில் ஓடியது. அதன் விதி: ஒரு கோப்பின் பெயர், அளவு, இடம் பற்றிய குறிப்புகள் ஜர்னலில் கமிட் ஆவதற்கு (உறுதியாகப் பதிவதற்கு) முன்பு அந்தக் கோப்பின் தரவு வட்டில் இறங்கியிருக்க வேண்டும். கமிட் 5 விநாடிக்கு ஒருமுறை. ஆகவே ரீநேம் வட்டில் பதிந்துவிட்டது என்றால் தரவும் பதிந்திருக்கும். இப்படி நடக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அமைப்பு தற்செயலாக அப்படி இருந்தது, நிரலாளர்கள் பல ஆண்டுகள் அதன் மேல் வீடு கட்டிவிட்டார்கள்.

எக்ஸ்ட்4 தாமத ஒதுக்கீட்டைக் கொண்டுவந்தது. நிரல் எழுதும் நேரத்தில், இந்தத் தரவு வட்டில் எந்த பிளாக்கில் போய் உட்காரும் என்று முடிவு செய்வதே இல்லை. தரவு நினைவகத்தில் காத்திருக்கிறது. கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அதை வெளியே அனுப்பும் வேளையில்தான் இடம் ஒதுக்கப்படுகிறது. இயல்பான அமைப்பில் அது சுமார் 30 விநாடி கழித்து. வேகத்துக்கு இது கொள்ளை லாபம். கோப்பின் முழு அளவும் தெரிந்த பிறகு இடம் தேடுவதால் அடுத்தடுத்த பிளாக்குகளாகக் கிடைக்கும், துண்டு துண்டாகச் சிதறாது. பிறந்து சில விநாடிகளில் அழியும் தற்காலிகக் கோப்புகள் வட்டைத் தொடாமலேயே மறைந்துவிடும்.

இழப்பு எங்கே என்றால், ‘ஆர்டர்ட்’ விதி இடம் ஒதுக்கப்பட்ட தரவைத்தான் பார்க்கிறது. இன்னும் ஒதுக்கப்படாத தரவு அதன் கண்ணில் படாது. எனவே 5ஆம் விநாடியில் வரும் கமிட்டில் ரீநேம் பதிவாகிவிடும்; தரவு மட்டும் நினைவகத்திலேயே நிற்கும். வட்டைப் பொறுத்தவரை அந்தக் கோப்பின் அளவு 0. அந்தக் கமிட்டுக்கும் தரவு வெளியேறும் 30ஆம் விநாடிக்கும் இடையே மின்சாரம் போனால், முருகு பார்த்த காட்சிதான்.

2008 டிசம்பரில் வந்த 2.6.28 கர்னலில் எக்ஸ்ட்4 நிலையானது என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த சில வாரங்களிலேயே உபுண்டுவின் வழுப் பதிவேட்டில் புகார் எழுந்தது. கணினி உறைந்துபோய் மறுதொடக்கம் செய்தால் கேடிஈ, க்னோம் என்ற டெஸ்க்டாப் சூழல்களின் அமைப்புக் கோப்புகள் எல்லாம் காலி. எக்ஸ்ட்4-ஐப் பராமரிக்கும் தியோடோர் ட்சோ அப்போது சொன்னது, மேலே ஐயா சொன்னதேதான்: எஃப்சிங்க் அழையுங்கள். சொன்னாரே தவிர, சும்மா இருக்கவில்லை. 2.6.30 கர்னலில் ஒரு காப்பும் வந்தது. ஏற்கெனவே இருக்கும் கோப்பின் மேல் ரீநேம் செய்தால், புதிய கோப்பின் தரவுக்கு உடனே இடம் ஒதுக்கப்பட்டு, அந்தக் கமிட்டுக்கு முன்பே வட்டில் இறங்கும். கோப்பைக் காலி செய்துவிட்டு மறுபடி எழுதி மூடும் பழக்கத்துக்கும் இதே போன்ற ஒரு சலுகை. கர்னல் ஆவணத்தில் இந்த வசதியை விளக்கும் பத்தி, அந்த நிரல்களைக் குறைபட்ட நிரல்கள் என்றே குறிப்பிடுகிறது. வைதுகொண்டே சோறு போட்டார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நிரலாளர்கள் எஃப்சிங்க் அழைக்காததற்குச் சோம்பல் காரணம் இல்லை. எக்ஸ்ட்3-இல் ஒரு சின்னக் கோப்புக்கு எஃப்சிங்க் அழைத்தால், ஜர்னலில் அப்போது திறந்திருக்கும் முழுப் பரிவர்த்தனையும் இறங்கியாக வேண்டும். பின்னணியில் வேறொருவர் பெரிய வீடியோவை நகலெடுத்துக்கொண்டிருந்தால் அதன் தரவும் சேர்ந்து இறங்கும். 2008இல் ஃபயர்ஃபாக்ஸ் 3 தன் வரலாற்றுப் பதிவுகளை எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில் வைத்து முறையாக எஃப்சிங்க் அழைத்தது. லினக்ஸில் உலாவி விநாடிக்கணக்கில் உறைந்து நின்றது. அந்த ஆண்டு எஃப்சிங்க் அழைத்தவன் திட்டு வாங்கினான். மறு ஆண்டு அழைக்காதவன் திட்டு வாங்கினான்.

முருகு, இவ்வளவும் சொன்னதற்குக் காரணம்: இன்றைய கர்னலில் உங்களுக்கு இது நடந்திருக்கவே கூடாது. ஒன்று, யாரோ மவுண்ட் அமைப்பில் (வட்டை இணைக்கும்போது தரும் விருப்பங்களில்) ‘நோஆட்டோ_டிஏ_அல்லாக்’ என்று போட்டு அந்தக் காப்பை அணைத்திருக்க வேண்டும். அல்லது நிரல் அவர்கள் சொல்வது போல் எழுதவில்லை. நிரல் கர்னலை அழைப்பதையெல்லாம் வரிசையாகக் காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியை ஓட்டிப் பாருங்கள்.

சும்மா_படிப்பவன் | திங்கள், இரவு 11:08

கடைக்கு ஒரு யூ.பி.எஸ். வாங்கிக் கொடுத்தால் முடிகிற விஷயத்துக்கு இவ்வளவு வரலாறா?

சுழல்வட்டு | செவ்வாய், காலை 7:30

யூ.பி.எஸ். வைக்கத்தான் வேண்டும். ஆனால் கர்னல் உறைந்து போனால் யூ.பி.எஸ். என்ன செய்யும்? 2009 புகார்களே கணினி உறைந்ததால் வந்தவை என்று மேலே எழுதியிருக்கிறதே. யூ.பி.எஸ். பேட்டரி செத்துக் கிடப்பதும் மின்சாரம் போகும் அன்றுதான் தெரியும்.

வேறொன்று சொல்ல வந்தேன். எஃப்சிங்க், எஃப்சிங்க் என்கிறீர்கள். அதன் விலையை யாரும் எண்ணாகச் சொல்லவில்லை. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வட்டு விநாடிக்கு 120 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. ஒரே நிரல், ஒரே கோப்பு, சில பைட் எழுதி எஃப்சிங்க், மறுபடி சில பைட் எழுதி எஃப்சிங்க் என்று வரிசையாகப் போனால், எழுத வேண்டிய இடம் தலைக்கு அடியில் வரும் வரை ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டும். ஆகவே விநாடிக்கு ஏறத்தாழ 120 தான் உச்சம். ஜர்னலுக்குத் தலை நகர்வதையும் சேர்த்தால் அதிலும் பாதி கிடைத்தால் அதிகம்.

இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. அந்தச் சுழற்சியைப் பழைய வட்டில் ஓட்டுங்கள். விநாடிக்கு ஆயிரக்கணக்கில் எஃப்சிங்க் முடிகிறது என்று எண் வந்தால் மகிழ்ச்சி அடையாதீர்கள். வட்டின் உள்ளே இருக்கும் கேஷ் நினைவகம் எழுதிவிட்டேன் என்று பொய் சொல்கிறது, அல்லது கேஷைக் காலி செய்யச் சொல்லும் ஃபிளஷ் கட்டளையை இடையில் யாரோ விழுங்குகிறார்கள் என்று பொருள். எக்ஸ்ட்3-இல் இந்த ஃபிளஷை அனுப்பும் பேரியர் வசதி பல ஆண்டுகள் இயல்பாகவே அணைந்துதான் இருந்தது. எக்ஸ்ட்4 அதை இயல்பாக இயக்கியது, உடனே வேகச் சோதனைகளில் எக்ஸ்ட்4 மந்தம் என்று பேச்சு வந்தது. மேக் கணினியில் இன்றும் வெறும் எஃப்சிங்க் வட்டின் கேஷைக் காலி செய்வதில்லை. அதற்கு எஃப்_ஃபுல்எஃப்சிங்க் என்று தனிக் கட்டளை.

எஸ்.எஸ்.டி.யிலும் இதே கதைதான். சர்வர்களுக்கான விலை உயர்ந்தவற்றில் மின்தேக்கிகள் இருக்கும். மின்சாரம் போனாலும் உள் நினைவகத்தில் இருப்பதை ஃபிளாஷில் எழுதி முடிக்கும் அளவுக்கு அவற்றில் மின்னூட்டம் மிஞ்சும். அதனால் ஃபிளஷ் கட்டளைக்கு உடனே சரி என்று நேர்மையாகவே சொல்ல முடியும். கடைக் கணினியில் இருப்பதில் அது இருக்காது.

தரவுத்தேனீ | செவ்வாய், காலை 11:15

முருகு முதல் பதிவின் கடைசி வரியில் எழுதியதை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள்.

> கடைசியாகச் செய்த மாற்றம் போயிருந்தால்கூட நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன்.

அவர் கேட்பது வரிசையை: தரவு முதலில், பெயர் பிறகு. எஃப்சிங்க் தருவது நிலைப்பை: இப்போதே, நான் காத்திருக்க, வட்டில். இவை வேறு வேறு சரக்குகள். வரிசை கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைக்கக் கூடியது, ஏனென்றால் கர்னல் தன் வசதிப்படி அரை நிமிடம் கழித்துக்கூட எழுதலாம், முன்பின் மாறாமல் எழுதினால் போதும். நிலைப்புக்குத்தான் சுழல்வட்டு கணக்குப் போட்ட 8.3 மில்லி விநாடி. யூனிக்ஸ் நிரலாளர் கையில் கொடுத்தது விலை உயர்ந்த ஒன்றை மட்டும். வரிசை வேண்டுமென்றாலும் நிலைப்பின் விலையைக் கட்டு என்கிறது. நம்பகத்தன்மைக்கும் வேகத்துக்கும் சண்டை என்று நாம் பேசுவதில் பாதி, இந்த இரண்டையும் ஒரே பொட்டலமாக விற்பதால் வந்த சண்டை.

தரவுத்தளக்காரர்கள் இதை எப்போதோ பிரித்துவிட்டார்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இரண்டு சுவிட்சுகள் உண்டு. எஃப்சிங்க் என்ற அமைப்பை அணைத்தால் மின்வெட்டில் தரவுத்தளமே சிதைந்து போகலாம். ‘சிங்க்ரனஸ்_கமிட்’ என்பதை அணைத்தால் கடைசி சில நூறு மில்லி விநாடிப் பரிவர்த்தனைகள் போகலாம். மிச்சம் ஒழுங்காக இருக்கும். வேகம் இரண்டிலும் கூடுகிறது, ஆனால் ஆபத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எஸ்க்யூலைட்டில், மாற்றங்களை முதலில் தனிப் பதிவேட்டில் எழுதும் ‘வால்’ (WAL) முறையில் ‘நார்மல்’ என்று வைத்தாலும் இரண்டாவது வகைப் பேரம்தான். கோப்பு முறைமையிலும் இப்படிப் பிரிக்கலாம் என்று விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் செய்தே காட்டினார்கள்: வரிசைக்கு ஓசிங்க், நிலைப்புக்கு டிசிங்க். பொதுக் கர்னலுக்குள் அது வரவில்லை.

பழையயூனிக்ஸ் | செவ்வாய், பிற்பகல் 2:20

அழகாகப் பிரித்தீர்கள், அம்மா. ஆனால் இல்லாத கட்டளையை வைத்து இன்றைக்கு நிரல் எழுத முடியாது.

நான் பயப்படுவது அந்த 2.6.30 சலுகையைத்தான். எக்ஸ்ட்4-இல் எஃப்சிங்க் இல்லாமல் பிழைத்துக்கொண்ட நிரலாளர், அதையே விதி என்று நம்பி வேறு கோப்பு முறைமைக்குப் போகும்போது அடிபடுவார். 2014இல் அதே விஸ்கான்சின் குழு 11 பிரபலமான மென்பொருள்களைச் சோதித்து 60 பலவீனங்களைக் கண்டுபிடித்தது. பட்டியலில் கிட் என்ற நிரல் பதிப்புக் கருவி, லெவல்டிபி என்ற தரவுச் சேமிப்பு நூலகம் எல்லாம் இருக்கின்றன. எல்லாம் விவரம் தெரிந்தவர்கள் எழுதியவை. தாம் பயன்படுத்திய கோப்பு முறைமையின் தற்செயல் குணத்தை உலக நியதி என்று எடுத்துக்கொண்டதில் வந்த வினை.

வேகத்துக்காக நம்பகத்தை அடகு வைப்பதும் புதிதல்ல. பெர்க்லி யூனிக்ஸின் (பிஎஸ்டி) ஃபாஸ்ட் ஃபைல் சிஸ்டம் கோப்பு உருவாக்கம், அழிப்பு போன்ற குறிப்புகளைக் காத்திருந்து எழுதியது. லினக்ஸின் எக்ஸ்ட்2 எதற்கும் காத்திருக்கவில்லை. ஆயிரம் சிறு கோப்புகள் கொண்ட மூட்டையைப் பிரித்தால் லினக்ஸ் பறந்தது, பிஎஸ்டி தவழ்ந்தது. பிஎஸ்டிக்காரர்கள் இதைப் பொறுப்பற்ற வேலை என்றார்கள். பிறகு அவர்களே சாஃப்ட் அப்டேட்ஸ் என்று, காத்திருக்காமல் வரிசையை மட்டும் காக்கும் முறைக்கு வந்தார்கள். ஆகவே தரவுத்தேனீ சொல்வது 1990களிலேயே ஒருவிதத்தில் நிரூபணமானதுதான். ஆனால் அதன் நிரலைப் படித்துப் பாருங்கள், தலை சுற்றும். இலவசம் என்றால் யாரோ எங்கோ கட்டியிருக்கிறார்கள்.

தரவுத்தேனீ | செவ்வாய், மாலை 4:05

அது சரிதான். ஆனால் எஃப்சிங்க் அழைத்தால் எல்லாம் முடிந்தது என்ற தொனியை ஏற்க மாட்டேன். 2018இல் போஸ்ட்கிரெஸ் குழுவுக்குக் கிடைத்த அதிர்ச்சி நினைவிருக்கிறதா? வட்டில் எழுதுவது தோற்றால் எஃப்சிங்க் பிழை சொல்லும். சரி, மறுபடி அழைப்போம் என்று அழைத்தால், இரண்டாம் முறை வெற்றி என்று சொல்லும். ஏனென்றால் லினக்ஸ் கர்னல் எழுத முடியாத அந்தப் பக்கங்களை எழுதியாகிவிட்டது என்று குறித்துக்கொண்டு நகர்ந்துவிட்டது. தரவு வட்டில் இல்லை, பிழையும் இல்லை. 2019 பிப்ரவரி வெளியீடுகளில் போஸ்ட்கிரெஸ் வேறு வழியின்றி, எஃப்சிங்க் ஒருமுறை தோற்றாலே தன்னை நிறுத்திக்கொண்டு பதிவேட்டிலிருந்து மீளும்படி மாற்றினார்கள். அத்தனை ஆண்டுகள் ஒழுங்காக எஃப்சிங்க் அழைத்தவர்கள் அவர்கள்.

நள்ளிரவு_ரூட் | செவ்வாய், மாலை 4:31

டெபியன் லினக்ஸில் மென்பொருள் தொகுப்புகளை நிறுவும் டிபிகேஜி ஒவ்வொரு கோப்புக்கும் எஃப்சிங்க் அழைக்கத் தொடங்கிய காலம் எனக்கு நினைவிருக்கிறது. தொகுப்பு நிறுவ விட்டுவிட்டு காபி குடித்து வரலாம். இப்போது கண்டெய்னர் பிம்பங்களை உருவாக்கும்போது முதல் வேலையே அதற்கு எஃப்சிங்கைத் தவிர்க்கும் ‘அன்சேஃப்-ஐஓ’ போடுவது. பாதியில் நின்றால் முழுவதையும் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி கட்டப் போகிறோம், அங்கே எஃப்சிங்க் யாருக்காக?

இசட்எஃப்எஸ்_அன்பர் | செவ்வாய், இரவு 8:00

யாரும் சொல்லவில்லை என்பதால் சொல்கிறேன். சன் நிறுவனம் 2005இல் ஓப்பன்சோலாரிஸில் வெளியிட்ட இசட்எஃப்எஸ்ஸில் முருகுவுக்கு இந்தக் காலிக் கோப்பு வந்திருக்காது. அங்கே எதன் மேலும் எழுதுவதில்லை. மாற்றங்கள் எல்லாம் புது இடத்தில் எழுதப்பட்டு, மரத்தின் வேர் கடைசியாக மாறுகிறது. சுமார் 5 விநாடிக்கு ஒரு தொகுதி. அந்தத் தொகுதி முழுதாக இருக்கும் அல்லது முழுதாக இருக்காது. எழுதியது பின்னால், ரீநேம் முன்னால் என்று தலைகீழாக ஒருபோதும் போகாது. ‘சிங்க்’ அமைப்பை அணைத்தால்கூடக் கோப்பு முறைமை சிதையாது; கடைசி சில விநாடிகள் மட்டும் போகும். தரவுத்தேனீ கேட்ட இலவச வரிசை இதுதான்.

குறையையும் சொல்லிவிடுகிறேன்: நினைவகம் நிறையக் கேட்கும், கோப்பின் நடுவில் அடிக்கடி எழுதும் தரவுத்தளங்களில் சிதறல் கூடும், உரிமச் சிக்கலால் லினக்ஸ் கர்னலோடு சேர்ந்து வராது. பில்லிங் பெட்டிக்கு இதைப் போடச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை.

முருகு_பில்லிங் | புதன், காலை 10:20

எல்லோருக்கும் நன்றி. மவுண்ட் அமைப்பு இயல்பானதுதான், காப்பு அணைக்கப்படவில்லை. எஸ்ட்ரேஸில் வந்ததைத் தமிழில் சுருக்கித் தருகிறேன்:

1. ‘அமைப்பு.டெம்ப்’ கோப்பைத் திற
2. எழுது
3. மூடு
4. ‘அமைப்பு.கான்ஃப்’ கோப்பை அன்லிங்க் செய்
5. ‘அமைப்பு.டெம்ப்’ என்பதை ‘அமைப்பு.கான்ஃப்’ என்று ரீநேம் செய்

எஃப்சிங்க் எங்கும் இல்லை. ஒவ்வொரு பில்லுக்கும் இந்த ஐந்தும் நடக்கின்றன.

கர்னல்வாசகன் | புதன், காலை 10:48

நான்காவது வரியைப் பாருங்கள். ரீநேமுக்கு முன் பழைய கோப்பை அழிக்கிறார்கள். இந்த நிரல் முதலில் விண்டோஸுக்கு எழுதப்பட்டது என்று நினைக்கிறேன். அங்கே சி நூலகத்தின் ரீநேம், அதே பெயரில் கோப்பு இருந்தால் தோற்றுவிடும். அதனால் முதலில் அழித்துவிட்டு மாற்றும் பழக்கம். லினக்ஸில் அதற்குத் தேவையே இல்லை, கெடுதல்தான்.

எக்ஸ்ட்4 தரும் சலுகை, ஏற்கெனவே இருக்கும் கோப்பின் மேல் ரீநேம் செய்யும்போது மட்டும். பெயர் காலியாக இருந்தால் இது யாரோ புதுக் கோப்புக்குப் பெயர் வைக்கிறார்கள் என்று அது தரவை இறக்காமல் விட்டுவிடும். ஒரே ஒரு வரி காப்பை வீணாக்கியிருக்கிறது. அந்த வரியை நீக்கினாலே எக்ஸ்ட்4-இல் காலிக் கோப்பு நின்றுவிடும்.

பழையயூனிக்ஸ் | புதன், காலை 11:02

நீக்கட்டும். மூடுவதற்கு முன் எஃப்சிங்கும் போடட்டும். சலுகையை நம்பிப் பிழைப்பு நடத்த வேண்டாம்.

முருகு_பில்லிங் | வியாழன், மாலை 6:30

தயாரித்தவர்கள் இரண்டையும் செய்து சோதனைப் பதிப்பு அனுப்பினார்கள். எஸ்.எஸ்.டி. கணினிகளில் வித்தியாசமே தெரியவில்லை. பழைய வட்டு இருக்கும் கடையில் மட்டும், பில் பதியும்போது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு தயக்கம். வரிசையில் வாடிக்கையாளர் நிற்கும் நேரத்தில் கடைக்காரர் முகம் சுளிக்கிறார். எஃப்சிங்கை எடுத்துவிடச் சொல்லட்டுமா? கடைசி மாற்றம் போனால் பரவாயில்லை என்று நானே சொன்னேனே.

தரவுத்தேனீ | வியாழன், இரவு 7:45

பொறுங்கள் தம்பி. அந்தக் கோப்பில் அடுத்த பில் எண்ணும் இருக்கிறது என்று முதல் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். வரி விகிதம், பிரிண்டர் பெயர் போன்றவற்றில் பழையது திரும்பி வந்தால் குடி முழுகாது. பில் எண் பின்னால் போனால்? அச்சடித்துக் கொடுத்த எண்ணிலேயே இன்னொரு பில் போகும். கணக்குத் தணிக்கையில் யார் பதில் சொல்வது? அந்த ஒரு எண்ணுக்கு நிலைப்பு வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் வரிசை போதும். இரண்டையும் ஒரே கோப்பில் போட்டதால் பிரிண்டர் பெயருக்கும் சேர்த்து ஒவ்வொரு பில்லுக்கும் எஃப்சிங்க் கட்டணம் கட்டுகிறீர்கள்.

பில் எண்ணைத் தரவுத்தளத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். பில் அங்கே எப்படியும் கமிட் ஆகிறது. அதே பரிவர்த்தனையில் எண்ணும் ஏறிவிடும், தனிக் காத்திருப்பு இல்லை. அமைப்புக் கோப்பை யாராவது அமைப்பை மாற்றினால் மட்டும் எழுதினால் போதும். மாதத்துக்கு ஒருமுறை வரும் எஃப்சிங்கை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

சுழல்வட்டு | வியாழன், இரவு 8:10

வழிமொழிகிறேன். அந்தப் பழைய வட்டையும் மாற்றச் சொல்லுங்கள். மாற்றுவதற்கு முன் நான் சொன்ன சோதனையை ஒருமுறை ஓட்டி எண்ணை இங்கே போடுங்கள், ஆவலாக இருக்கிறது.

பழையயூனிக்ஸ் | வியாழன், இரவு 8:32

ரீநேமுக்குப் பிறகு கோப்புறைக்கும் ஒரு எஃப்சிங்க் வேண்டும். கோப்புக்குப் போட்ட எஃப்சிங்க் பெயர் மாற்றத்தைக் காக்காது.

தரவுத்தேனீ | வியாழன், இரவு 8:50

பில் எண் வெளியே போய்விட்டால் அந்தக் கோப்புக்குத் தேவையில்லை, ஐயா. கோப்புறை பழைய பெயரையே காட்டினால் பழைய அமைப்பு முழுதாகக் கிடைக்கும். கடைக்காரர் பிரிண்டரை மறுபடி ஒருமுறை தேர்ந்தெடுப்பார்.